கஞ்சிக்கென்று வெட்டிய கிணறு

நோன்புக் கஞ்சியில் வெந்தயத்தை எப்போது போடுவது என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கட்சி உண்டு. அரிசி நொய்யோடு சேர்த்து ஆரம்பத்திலேயே போட்டுவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வறுத்துத் தூவ வேண்டும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. வருஷா வருஷம் சண்டை போட்டு ஜெயித்தும் வந்திருக்கிறேன். நீங்கள் சிரிக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. என் பள்ளிக்கூடக் கூட்டாளி குப்புராஜின் பேரப்பிள்ளை இறந்து பிறந்ததைப் பற்றி விசாரிக்கக் கூப்பிட்டால் இந்தப் பாய் வெந்தயம் பேசுகிறானே என்று நினைக்கிறீர்கள். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் முதல்.

போலீசிடம் சொல்வது கோர்ட்டில் நிற்காது என்று எனக்குத் தெரியும். மாஜிஸ்திரேட்டிடமும் இதையேதான் சொல்லப்போகிறேன். ஒரு வார்த்தை மாறாது. ரைட்டரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள்.

என் பெயர் ஹனீப். கும்மிடிப்பூண்டியிலிருந்து கிழக்கே, ஏரிக்குப் போகிற வழியில் சங்குமேடு எங்கள் ஊர். அங்கே வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருந்தேன். ஏரியில் இறால் இல்லாமல் போன பிறகு வலை வாங்க யார் வருகிறார்கள். இப்போது அதே கடையில் பிளாஸ்டிக் குடம் விற்கிறேன். ஊரில் என்னை மனு பாய் என்பார்கள். கேலிதான். ஆனால் தாசில்தாருக்கு மனு எழுத வேண்டுமென்றால் கேலி செய்தவர்களும் என் கடைக்குத்தான் வருவார்கள்.

எங்கள் வீடு ஊரின் கடைசி வீடு. கொல்லையில் என் அத்தா வெட்டிய கிணறு இருக்கிறது. சுற்றிலும் உப்புத் தண்ணீராக இருக்கிற ஊரில் அது மட்டும் இனித்தது. ரமலான் மாதம் பள்ளிவாசல் கஞ்சிக்கு இந்தத் தண்ணீர்தான் என்று அத்தா நேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து கஞ்சியும் எங்கள் கொல்லையிலேயே வேகும். வெந்ததும் டேக்சாவை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிப் பள்ளிவாசலுக்குத் தள்ளிக்கொண்டு போவோம். சாயங்காலம் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் நெற்றியில் விபூதி வைத்தவர்கள். காய்ச்சலில் கிடப்பவர்கள், மாசமாக இருக்கிற பெண்கள், வாய்க்கு எதுவும் பிடிக்காதவர்கள், எல்லாருக்கும் நோன்புக் கஞ்சி ஒத்துக்கொள்ளும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. ஓதிய கஞ்சி என்று சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். நாங்களும் இல்லை என்று சொன்னதில்லை.

எங்கள் கொல்லைக்கு அடுத்தது குப்புராஜின் நெல் வயல். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவன் மனைவி பெயர் குப்பம்மாள். உங்கள் வீட்டில் குப்பு என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவீர்களே என்று நான் கிண்டல் செய்வேன். மகன் பரத், மருமகள் நர்மதா. அந்தப் பெண் திருப்பாச்சூர்க்காரி, வாயே திறக்காது.

அந்த வயலுக்கு அடுத்தது கம்பெனியின் சாம்பல் குளம்.

கம்பெனியின் பெயரை நான் சொல்லமாட்டேன். குற்றப்பத்திரிகையில் அதை நீங்கள் உங்கள் கையால் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள். எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கொண்டுவந்து அந்தக் குளத்தில் விடுகிறார்கள். குளத்தின் அடியில் தண்ணீர் இறங்காதபடி தார்ப்பாய் விரித்திருப்பதாகச் சொன்னார்கள். வெட்டும்போதே நான் போய்ப் பார்த்தேன். வெறும் மண். எங்கள் காதில் பூச்சுற்றுவது அவ்வளவு சுலபம் என்று நினைத்துவிட்டார்கள். நான்கு வருஷத்தில் குப்புராஜின் நெல் பதராகப் போயிற்று. கொடியில் காய்ந்த என் வெள்ளை வேட்டி எடுக்கும்போது சாம்பல் நிறத்தில் இருக்கும். பரத் அங்கேயேதான் கான்ட்ராக்டில் கரி அள்ளுகிறான். வயல் போன பிறகு வேறு எங்கே போவான்.

ஆனால் இதை ஒரு கிணற்று வழக்காக, ஒரு வயல் வழக்காக மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுத வைக்கத்தான் கம்பெனி படாத பாடு படுகிறது. என் அத்தா பிறந்த வீடு இருந்த இடத்தில் இன்று படகு கட்டுகிறார்கள். கடல் ஏறி வருகிறது. புயல் வராத மாதத்தில் புயல் வருகிறது. கரியை எரிக்க எரிக்க வானம் சூடாகும், கடல் பொங்கும் என்று எரிக்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் இரண்டாவது உலைக்கு அனுமதி கேட்கிறான். அங்கிருந்து வருகிற கரண்ட் கம்பி எங்கள் தலைக்கு மேலேதான் போகிறது, எங்கள் வீட்டில் தினமும் கரண்ட் கட். இந்த வாரம் பேப்பரில் பார்த்திருப்பீர்கள், உலகத் தலைவர்களெல்லாம் ஏதோ குளிர்நாட்டில் கூடி இதைத்தான் பேசுகிறார்கள். கோட்டு போட்டுக்கொண்டு பேசிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். எனக்கு நஷ்டஈடு வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, கோயிலுக்குப் பெயின்ட், எதுவும் வேண்டாம். உலை அணைய வேண்டும். எரித்தவன் கூண்டில் ஏற வேண்டும். தெரியாமல் செய்கிறவனை மன்னிக்கலாம், தெரிந்தே செய்கிறவன் கொலைகாரன் என்று பொன்னேரியில் மேடை போட்டே பேசியிருக்கிறேன். இன்றும் அதிலிருந்து பின்வாங்கமாட்டேன்.

கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆள் மணவாளன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். சாவு வீட்டுக்கு முதலில் வருவார், மாலையோடு வருவார். எத்தனை கூட்டத்தில் மறித்துக் கேட்டாலும் அவரிடம் ஒரே ஒரு பதில் இருந்தது.

"பாய், துணியில சாம்பல் வுழுது, இல்லன்னு சொல்லல. நெல்லு போச்சு, அதுக்கும் டப்பு குடுக்க ரெடியா இருக்கோம். மனுசனுக்கு இன்னா ஆச்சு, அத சொல்லுங்க. ஒரே ஒரு ஆள காட்டுங்க, நானே மிஷின ஆஃப் பண்றேன்."

கோர்ட்டிலும் இதையே வேறு தமிழில் சொன்னார்கள். உடல்நலப் பாதிப்புக்கு ஆதாரம் இல்லை, மனு தள்ளுபடி. வெளியே வந்து குப்புராஜும் நானும் டீ குடித்தோம். நான் மணவாளன் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆளைக் காட்டச் சொல்கிறான். நியாயமான கேள்விதான் என்று தோன்றியது.

இந்த 2009-ஆம் வருஷத்து ரமலான் ஆகஸ்டில் பிறந்தது. பெருநாள் கழிந்து ஒன்றரை மாதத்தில் இரண்டாவது உலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் என்று கலெக்டர் ஆபீசில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நோன்புக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மணவாளன் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினார். மாதம் முழுக்கக் கஞ்சிக்குக் கேன் தண்ணீர் கம்பெனி தருமாம், இலவசமாக. ஜமாத்துச் செயலாளர் ஃபயாஸ் என் அக்கா மகன். தொழுகை முடிந்து கூடியபோது அவன்தான் எழுந்தான்.

"மாமா, நம்ம கெணத்துத் தண்ணி ரெண்டு வருசமா ஒரு மாதிரி வாடை அடிக்குது. குடிக்கிறதுக்கு லாரித் தண்ணிதான புடிக்கிறோம். கஞ்சிக்கும் இந்த ஒரு மாசம் கேன் தண்ணி வாங்கிக்குவோமே. ஓசில குடுக்கறான், நமக்கு இன்னா நஷ்டம்?"

பலர் தலையாட்டினார்கள். நான் எழுந்து பேசினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

"ஏரிய கெடுத்தான், இறால கெடுத்தான். இப்போ நம்ம பெரியவங்க நேந்துவுட்ட கெணறும் கெட்டுப்போச்சுன்னு நம்ம வாயாலயே சொல்ல வெக்கிறான். அவன் குடுத்த தண்ணியில நோன்பு தொறந்துட்டு, அப்புறம் அவனுக்கே உக்காந்து துவா கேப்பீங்களா? எங்க அத்தா கெணறு வத்தற வரைக்கும் சங்குமேட்டுல கம்பெனித் தண்ணியில கஞ்சி வேகாது."

பள்ளிவாசலில் கைதட்டக் கூடாது. ஆனாலும் தட்டினார்கள். ஃபயாஸே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கேன் ஏற்றி வந்த வண்டியை ஊர் எல்லையிலேயே திருப்பி அனுப்பினோம். மறுநாள் பேப்பரில் சின்னதாகச் செய்தி வந்தது. குப்புராஜ் அதை வெட்டி வைத்துக்கொண்டான். கிணற்றுத் தண்ணீரில் கஞ்சி குடிப்பதே ஊருக்கு ஒரு வீம்பாகிவிட்டது. வழக்கமாக வராத தெருக்களிலிருந்தும் தூக்குவாளி வந்தது. இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், கொத்துக்கறி எல்லாம் சேர்ந்த பிறகு தண்ணீரின் வாடை யாருக்குத் தெரியப்போகிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். வரிசைப்படி சொல்லியிருந்தால் அது இந்தப் பள்ளிவாசல் கூட்டத்துக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

திருவள்ளூரில் ஒரு கல்லூரியில் மோசஸ் என்று ஒரு வேதியியல் வாத்தியார் இருக்கிறார். எங்கள் கேசுக்காகச் சொந்தச் செலவில் தண்ணீர் சோதித்துக் கொடுக்கிற நல்ல மனிதர். ஜூலையில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் போயிருந்தார். நோன்புக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவரிடமிருந்து போன் வந்தது.

"பாய், அந்தக் கெணத்த இன்னிக்கே மூடிடுங்க. பாத்திரம் கழுவக்கூட வேணாம். ஆர்சனிக், ஈயம் ரெண்டும் தாறுமாறா இருக்குது."

"குடிச்சா ரத்தத்துல தெரியுமா சார்?"

"மாசக் கணக்குல குடிச்சா நல்லாவே தெரியும். முடியில, நகத்துல கூடத் தெரியும். இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டு மூடிவிட்டீர்களா என்று கேட்டார். மூடிவிட்டேன் என்றேன்.

ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். என் பக்கத்துக் கணக்கையும் கேளுங்கள். பக்கத்துக் குப்பத்தில் இதே போல ஒரு கிணறு கெட்டது. அவர்கள் அவசரப்பட்டுத் தண்டோரா போட்டார்கள். கம்பெனி என்ன செய்தது தெரியுமா. ஒரே வாரத்தில் கிணற்றைக் கான்கிரீட் போட்டு மூடிற்று. பக்கத்திலேயே தண்ணீர் சுத்திகரிக்கிற மிஷின் ஒன்றை நட்டு, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டது. கேஸ் அதோடு முடிந்தது. உலை எரிந்துகொண்டேதான் இருக்கிறது. தண்ணீர் கெட்டால் தண்ணீர் கொடுத்துத் தப்பித்துவிடுவார்கள். உடம்பு கெட்டால் எதைக் கொடுத்துத் தப்பிப்பார்கள்? அந்த விஷம் எப்படியும் எங்கள் உடம்புக்குள் வரத்தான் போகிறது. பத்து வருஷம் கழித்து ஒவ்வொருவராக வந்து, ஒவ்வொருவராகச் செத்து, ஒருவருக்கும் காரணம் தெரியாமல் போகும். நான் அதைக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் வரச் செய்தேன், அவ்வளவுதான். சாம்பல் அவர்களுடையது. குளம் அவர்களுடையது. நான் ஒரு சிட்டிகைகூட எதையும் கலக்கவில்லை. வாளியைக் கிணற்றில் விட்டேன், எங்கள் அத்தா காலத்திலிருந்து விடுகிற அதே வாளி.

ஒரு மாதம் குடித்தால் யாரும் சாகமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சிலருக்கு வயிற்றுவலி வரும், சிலருக்குக் கை கால் மரத்துப்போகும், ரத்தத்தில் தெரியும், பிறகு சரியாகிவிடும். இதை மோசஸிடம் கேட்டு உறுதி செய்துகொண்டீர்களா என்று கேட்பீர்கள். கேட்கவில்லை. கேட்டால் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

நர்மதாவுக்கு அப்போது ஆறாவது மாசம். எனக்கு அது தெரியும், ஆனால் நினைவில் இல்லை. பாதி நோன்பு வாக்கில் குப்புராஜ் வரப்பிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னான்.

"யோவ் பாயி, எம்மருமவ எத்த துன்னாலும் வாந்தி எடுக்கறா. ஒங்கூட்டுக் கஞ்சி ஒண்ணுதான்யா வயித்துல நிக்குது. தெனம் தங்கச்சிதான் கொண்டாந்து குடுக்குது. ஒங்க நோன்பு முடிஞ்சுட்டா இன்னா பண்றதுன்னு குப்பம்மா பேஜாராயிக்கினு கீறா."

தங்கச்சி என்றது என் மனைவி ரஷீதாவை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றே கஞ்சியை நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். என்ன சொல்லி நிறுத்துவது? பாதி மாதம் போயிருந்தது. ரத்தத்தில் அரைகுறையாகத் தெரிந்தால் அதற்கும் மணவாளன் ஒரு பதில் வைத்திருப்பார். அதுவரை குடித்தவர்கள் குடித்ததெல்லாம் வீணாகிவிடும். அதனால் அந்தப் பெண்ணை மட்டும் விலக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து ரஷீதாவிடம் சொன்னேன்.

"மாசமா இருக்கற பொண்ணுக்கு வெந்தயம் ஆகாது. நர்மதாவுக்கு இனிமே கஞ்சி குடுக்காத."

"ஐயோ, இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாங்க," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் நான் வெந்தயத்தை வறுத்துக்கொண்டு வந்தபோது டேக்சாவுக்குப் பக்கத்தில் ஒரு தூக்குவாளி மூடி வைத்திருந்தது. வழக்கத்தைவிடப் பெரிய வாளி.

"அது நர்மதாவுக்கு," என்றாள் ரஷீதா. "வெந்தயம் போடறதுக்கு முன்னாலயே மொண்டு வெச்சுட்டேன். ராத்திரிக்கும் காலை நாஷ்டாவுக்கும் சேத்து."

பிறகு பெருநாள் வரைக்கும் தினமும் அப்படித்தான். நான் என்ன சொல்ல முடியும். சில சமயம் யோசிக்கிறேன், ஆரம்பத்திலேயே வெந்தயம் போடுகிற கட்சி ஜெயித்திருந்தால் ரஷீதாவால் தனியாக எடுத்திருக்க முடியாது. அந்தப் பெண் அத்தனை கஞ்சி குடித்திருக்காது. எங்கள் ஊரின் அந்தப் பாழாய்ப்போன வெந்தயச் சண்டைக்கும் இதில் பங்கு உண்டு என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

பெருநாள் கழிந்து மோசஸை வரவழைத்து முகாம் போட்டேன். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது மோசஸ் இத்தனை பேருக்கு எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நிலத்தடித் தண்ணீர் மொத்தமும் கெட்டுவிட்டது போலிருக்கிறது சார் என்றேன். அவர் நம்பினார். நல்லவர்களை நம்ப வைப்பது பெரிய வேலை இல்லை.

நர்மதாவுக்கு எட்டாவது மாசத்தில் வலி வந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. குப்புராஜ் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்குத்தான் வந்தான், வேறு யாரிடம் வருவான். நாங்கள் இரண்டு பேரும் குடத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுதோம். அதை நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நர்மதாவை அழைத்து வரச் சொன்னது நான்தான். வேண்டாம் என்று குப்பம்மாள் சொன்னாள். பிள்ளை போனது போகட்டும், இன்னொரு வீட்டுப் பிள்ளை போகக் கூடாது என்று பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன். மணவாளன் மைக்கைப் பிடித்து வழக்கமான பாட்டைப் பாடினார். ஒரு ஆளைக் காட்டுங்கள். நான் நர்மதாவின் தோளைத் தொட்டேன். வாயே திறக்காத பெண் எழுந்து நின்றது.

"எம்புள்ளைய நான் பாக்கல. பாத்தா தாங்கமாட்டேன்னு துணியில சுத்தி எடுத்துக்கினு பூட்டாங்க. இந்தச் சாம்பல யாரு கொண்டாந்து கொட்னாங்களோ, அவங்க வந்து பாக்கட்டும்."

மணவாளன் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ரத்தப் பரிசோதனைக் காகிதங்களைக் கலெக்டர் மேஜையில் வைத்தேன். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாவது உலைக்கு அனுமதி கிடையாது, முதல் உலையையும் மறு உத்தரவு வரை நிறுத்து என்றார்கள். நிறுத்தினார்கள், ஐயா. நான்கு வருஷம் மனு எழுதி நடக்காதது ஒரே மத்தியானத்தில் நடந்தது. மறுநாள் கொடியிலிருந்து எடுத்த வேட்டி வெள்ளையாக இருந்தது. அதை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும் வந்தது.

எல்லாம் அப்படியே நிலைத்திருக்கும். மோசஸ் ஒரு நாள் சொல்லாமல் வந்தார். கோர்ட்டுக்காகக் கிணற்றைப் போட்டோ எடுக்க வந்தவர், ஈரமாகத் தொங்கிய வாளியைப் பார்த்துவிட்டு, "மூடிட்டேன்னு சொன்னீங்களே பாய்," என்றார். ரஷீதா டீயோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் போனதும் அவள் கேட்டாள்.

"அவரு எப்போ மூடச் சொன்னாரு?"

"நோன்புக்கு முன்னால."

"நீங்க ஏன் இந்த வருசம் கஞ்சி குடிக்கல?"

"சுகர் இருக்குதுல்ல. பொன்னேரி டாக்டர் பச்சரிசிக் கஞ்சி கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"போன வருசமும் சுகர் இருந்துச்சு. அப்படியும் ரெண்டு கிண்ணம் குடிச்சீங்க." பிறகு அவள் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வெந்தயம் படாம, தனியா, இந்தக் கையாலதான மொண்டு குடுத்தேன். தெரிஞ்சே செய்றவன் யாருன்னு பொன்னேரி மேடையில நீங்கதான சொன்னீங்க."

ரஷீதாவின் ரத்தத்திலும் அது இருந்தது. என்னுடையதில் இல்லை. அவள் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரப்பு வழியாகக் குப்பம்மாள் வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து உங்களிடம் வந்தாள்.

குப்புராஜ் என்னை வெட்டுவான் என்று எதிர்பார்த்துக் கொல்லையிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தான். கிணற்றை எட்டிப் பார்த்தான்.

"எங்கையில ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடிச்சிருப்பேனேய்யா, பாயி," என்றான்.

உண்மைதான். குடித்திருப்பான். அவனிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் தெரிந்து குடித்தால் அது தற்கொலை முயற்சி என்று கோர்ட்டில் தள்ளிவிடுவார்கள். அதை அவனிடம் சொல்லவில்லை. அவன் இருந்த நிலையில் சட்டம் பேசுவது நன்றாக இருக்காது.

இப்போது உங்கள் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். கிழக்கே புகை தெரிகிறது. உலையை மறுபடி பற்றவைத்துவிட்டார்கள். ஒரு தனிமனிதன் தன் சொந்தக் கிணற்றுத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த சம்பவத்துக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று மணவாளன் பேட்டி கொடுத்திருக்கிறார். சம்பவமாம். நான் வாய் திறக்க வந்ததே அதற்காகத்தான். குழந்தை தானாக இறந்தது, எட்டு மாசத்தில் அப்படி ஆவது உண்டு என்று அவர்கள் வக்கீல் சொல்லப்போகிறார். மோசஸ்கூடத் தண்ணீரால்தான் என்று உறுதியாகச் சொல்லத் தயங்குகிறார். நான் தயங்கமாட்டேன். அந்தத் தண்ணீர்தான் கொன்றது. எனக்குத் தெரியும், நான் கொடுத்தேன். எழுதுங்கள். விஷம் கொடுத்த ஹனீப் என்று எழுதுங்கள், ஆனால் விஷம் எங்கிருந்து வந்தது என்பதையும் அதற்கு மேல் வரியில் எழுதுங்கள். முதல் குற்றவாளி கம்பெனி, இரண்டாவது நான். கூண்டில் எனக்குப் பக்கத்தில் அவர்கள் நிற்க இடம் விட்டால் போதும், எந்தத் தண்டனை கொடுத்தாலும் அப்பீல் போகமாட்டேன். நான் ஒரு மாதம் செய்ததற்கு என்னைப் பிடித்துவிட்டீர்கள். அவர்கள் வருஷக்கணக்காகச் செய்கிறார்கள், உலகம் பூராவும் செய்கிறார்கள், அவர்களுக்கு நீங்கள் கேட்டில் காவல் போட்டிருக்கிறீர்கள்.

கிணற்றையும் மூடாதீர்கள். அது சாட்சி. ஒரு போலீஸ்காரரை அங்கே நிறுத்திவையுங்கள்.

என் மகளைப் பற்றி ஏன் கேட்கிறீர்கள் என்று புரியவில்லை. ரஷீதா சொல்லியிருப்பாள். ஆமாம், ஜபீன் வேப்பம்பட்டில் இருக்கிறாள். வருஷா வருஷம் பாதி நோன்புக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பேரன் அத்னானுக்கு இரண்டு வயது, கஞ்சி என்றால் கிண்ணத்தை விடமாட்டான். இந்த வருஷம் வர வேண்டாம், பெருநாளைக்கு நாங்களே வருகிறோம் என்று போன் செய்தது நான்தான். தூசு அதிகமாக இருக்கிறது, பிள்ளைக்கு இளைப்பு வரும் என்று சொன்னேன். தூசு இருந்ததா இல்லையா என்று ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நான் பொய் சொல்லவில்லை. இதை வழக்கோடு முடிச்சுப் போட வேண்டிய அவசியம் இல்லை. யார் குடிக்க வேண்டும், யார் குடிக்கக் கூடாது என்று நான் எப்போதும் ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

முடிந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு விண்ணப்பம், இதை நீங்கள் எழுத வேண்டாம். ஜபீன் என்னைப் பார்க்க வருவாள். சங்குமேட்டு வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வரச் சொல்லுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதாக இருந்தால், அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் வேப்பம்பட்டிலிருந்தே எடுத்து வரச் சொல்லுங்கள்.